ஏன் போலீசுக்குப் போகவில்லை?

காசிமேட்டில் எங்கள் தெருவில் நாலு பேர் மனசு வைத்தால் மொட்டை மாடி தியேட்டராகிவிடும். ஒருத்தர் புரொஜெக்டர் கொண்டுவருவார், ஒருத்தர் வெள்ளை வேட்டியைக் கொடிக் கயிற்றில் இழுத்துக் கட்டுவார், ஒருத்தர் வண்டியை எடுத்துக்கொண்டு பீச் ஸ்டேஷன் பக்கம் போய் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸும் வாழைத்தண்டு சூப்பும் பார்சல் வாங்கி வருவார். போன மாதம் ஒரு ஞாயிறு ராத்திரி அப்படித்தான் 'டேக் அவுட்' என்ற படத்தைப் போட்டோம். ஷான் பேக்கரும் ஷி-சிங் சோவும் சேர்ந்து எழுதி இயக்கி 2004-இல் வெளிவந்த சின்னப் படம். நியூயார்க்கில் ஒரு சீன உணவுக் கடைக்காக சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் சீன ஆள்தான் நாயகன். அவனிடம் விசா இல்லை. அமெரிக்காவுக்கு வந்து சேர்வதற்காகப் பட்ட கடன் மட்டும் இருக்கிறது. காலையிலேயே வசூலுக்கு வந்தவர்கள் அடித்துப்போட்டுவிட்டு, ராத்திரிக்குள் பணம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. மெக்கானிக் கடையில் வேலை பார்க்கும் பையன் கேட்டான்: "இன்னாண்ணே, அவனுங்க வந்து அடிச்சிட்டுப் போறானுங்க, இவன் கம்முனு கீறான். ஸ்டேஷனாண்ட போய் ஒரு கம்ப்ளைண்ட் குடுத்தா இன்னா?"

நான் பதில் யோசிப்பதற்குள் எதிர் வீட்டு மாமா சொல்லிவிட்டார். "போலாம்டா. போனா மொத கேள்வி இன்னா கேப்பான் தெரியுமா? உன் பேப்பர் எங்கன்னு கேப்பான். அடிச்சவன் வெளிய இருப்பான், அடி வாங்குனவன் உள்ள இருப்பான்."

மாமா வளைகுடாவில் பல வருஷம் இருந்தவர். அதில் கடைசி மூன்றரை வருஷம் விசா இல்லாமல். அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

காகிதம் இல்லாமல் வேறு நாட்டில் பிழைக்கிறவர்களைப் பற்றிய இந்த வகைத் திரில்லர் படங்களைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குவேன். திரில்லர் எழுதுகிற எவரையும் தூங்கவிடாத கேள்வி அது: இந்த ஆள் ஏன் போலீசுக்குப் போகவில்லை? போனால் கதை பத்தாவது நிமிஷத்தில் முடிந்துவிடும். அதனால் எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு ஒட்டுப் போடுவார்கள். போலீசுக்குச் சொன்னால் குழந்தையைக் கொன்றுவிடுவேன் என்று போனில் ஒரு குரல் மிரட்டும். இன்ஸ்பெக்டரே வில்லனின் ஆளாக இருப்பார். நாயகன் மேலேயே ஒரு கொலைப்பழி விழுந்திருக்கும். எல்லாம் நாம் ஆயிரம் தடவை பார்த்த ஒட்டுகள். நாயகனிடம் காகிதம் இல்லை என்று வைத்துவிட்டால் எந்த ஒட்டும் தேவையில்லை. அவன் நிலைமையே பதில்.

சரி, 'காகிதம் இல்லாதவர்' என்றால் யார்? நம் ஊரில் இதில் நிறையக் குழப்பம் உண்டு. மணலியிலும் எண்ணூரிலும் வேலை பார்க்கும் பீகார், ஒடிசா ஆட்களை அந்தக் கணக்கில் சேர்த்துப் பேசுகிறவர்களை நானே கேட்டிருக்கிறேன். அது தவறு. அவர்கள் நம் நாட்டுக் குடிமக்கள், மயிலாப்பூர்க்காரர் திருவொற்றியூரில் வேலை பார்ப்பது மாதிரிதான், தூரம் மட்டும் கூட. நேபாளத்துக்காரர்களும் இதில் வரமாட்டார்கள். 1950-இல் போட்ட ஒப்பந்தத்தின்படி அவர்கள் விசா இல்லாமலேயே இங்கே வந்து வேலை பார்க்கலாம். ஒரு நாட்டில் தங்கவோ வேலை செய்யவோ அந்த நாடு கேட்கிற அனுமதி கையில் இல்லாத வெளிநாட்டவர்தான் ஆவணமற்ற குடியேறி. எல்லாரும் ராத்திரியில் வேலி தாண்டி வந்தவர்கள் என்று நினைக்கக் கூடாது. முறையாக விசா வாங்கி விமானத்தில் வந்து, தேதி முடிந்த பிறகும் தங்கிவிட்டவர்கள் ஏராளம். சம்பளம் தராத முதலாளியிடமிருந்து ஓடி வந்தவர்களும் உண்டு. பாஸ்போர்ட் முதலாளியின் பீரோவில் இருக்கும், ஆள் மட்டும் வெளியே இருப்பான். மாமா அந்த ரகம். வளைகுடாவில் நம் ஆட்கள் இதற்கு 'கல்லிவல்லி' என்று ஒரு பேரே வைத்திருக்கிறார்கள். 'போனால் போகட்டும், விடு' என்கிற மாதிரி ஒரு அரபிப் பேச்சு அது. விசா போன ஆளுக்கே பேராகிவிட்டது.

'சட்டவிரோதக் குடியேறி' என்றுதான் செய்திகளில் படிக்கிறோம். அந்தச் சொல்லைத் தவிர்த்து 'ஆவணமற்ற' என்று எழுதச் சொல்லி ஐ.நா. பொதுச்சபை 1975-லேயே தீர்மானம் போட்டிருக்கிறது. கதை எழுதுகிறவருக்கும் இரண்டாவது சொல்தான் உதவும். ஆளைக் குற்றவாளி என்று முத்திரை குத்திவிட்டால் பார்க்கிறவன் தள்ளி உட்கார்ந்துகொள்வான். ஒரு தாள் குறைகிறது என்று சொன்னால் தன் ரேஷன் கார்டில் பேர் தப்பாக விழுந்த நாள் ஞாபகம் வரும்.

வடசென்னைக்காரர்களுக்கு இது அத்தனை தூரத்து விஷயமும் இல்லை. அன்றைக்கு நாங்கள் தின்ற அத்தோவே ஒரு குடியேற்றக் கதைதான். 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. பிறகு கடைகள் அரசுடைமை ஆயின, 1964-இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தலைமுறையாக அங்கே வியாபாரம் செய்த தமிழர்கள் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். வியாசர்பாடியில் குடியேறினார்கள், பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரில் கடை போட்டார்கள். அவர்களிடம் பணம் இல்லை, ஆனால் தாயகம் திரும்பியவர்கள் என்ற கணக்கு இருந்தது, அரசாங்கம் சேர்த்துக்கொண்டது. புழல் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்கள் கதை வேறு. பேசுவது நம் மொழி, பல பிள்ளைகள் பிறந்ததே இங்கேதான், ஆனாலும் கையில் இருப்பது அகதி அட்டை. அகதிகளுக்கான 1951 ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை என்பதால், அந்த அட்டைக்கு என்ன மதிப்பு என்பதை அவ்வப்போது அரசாங்கங்களே முடிவு செய்கின்றன. ஒரே தமிழ், இரண்டு விதமான தாள். தாளை வைத்து ஒரு மனிதனின் நாள் எப்படி மாறுகிறது என்பதைக் காட்டுவதுதான் இந்தப் படங்களின் பாதி வேலை.

மீதிப் பாதி பணம். இங்கேதான் எனக்குச் சுவாரசியம் அதிகம், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு அக்கா இட்லி போடுகிறார். தண்டலில் 10,000 ரூபாய் எடுத்திருக்கிறார். தண்டல் தெரியாதவர்களுக்கு: 10,000 என்று பேர், கையில் தருவது 9,000, ஆயிரத்தை முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் தினமும் 100 ரூபாய் வீதம் 100 நாள். கேட்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆனால் கடன் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 80 சதவீதத்தை ஒட்டி வட்டி வரும். அது போகட்டும். எனக்கு முக்கியம் சாயங்காலம் 5 மணி. தண்டல்காரர் டிவிஎஸ் வண்டியில் வரும் நேரம். மழை பெய்தால் இட்லி போகாது. தண்டல்காரர் மட்டும் ரெயின்கோட் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்.

ஒரு மழை நாளில் மணி நாலரை. அக்காவின் டப்பாவில் 62 ரூபாய் இருக்கிறது. இன்னும் 38 வேண்டும். ஒரு ஆட்டோக்காரர் வருகிறார், 40 ரூபாய்க்குச் சாப்பிடுகிறார். அப்பாடா என்று இருக்கிறதா? அவர் நீட்டுவது 500 ரூபாய் நோட்டு. சில்லறை இல்லை. "நாளைக்குத் தரேன்கா" என்று ஏறிப் போகிறார். தெருவின் அந்த முனையில் டிவிஎஸ் சத்தம் கேட்கிறது.

இந்த இடத்தில் உங்கள் வயிற்றில் ஏதாவது பிசைந்தால் அதுதான் திரில்லர். துப்பாக்கி இல்லை, கார் துரத்தல் இல்லை, பிணம் இல்லை. ஒரு தொகை, ஒரு நேரம், நடுவே ஓர் ஆள். தொகை எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. 50 கோடி ரூபாய் வைரம் கைமாறும் படத்தில் நாம் கணக்கை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்போம், 50 கோடி எப்படி இருக்கும் என்று நம்மில் யாருக்குத் தெரியும்? 38 ரூபாய் தெரியும்.

'டேக் அவுட்' இதைத்தான் செய்கிறது. நாயகன் பெரும்பகுதியைச் சொந்தக்காரர், நண்பர் என்று புரட்டிவிடுகிறான். மிச்சத்தை அன்றைய டிப்ஸிலிருந்து தேற்ற வேண்டும். வழக்கமாக ஒரு நாளில் கிடைப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே ஓடினால்தான் முடியும். அன்றைக்கென்று மழை. மணி அடிக்கிறான், கதவு திறக்கிறது, பார்சலைக் கொடுக்கிறான், சில்லறையை வாங்குகிறான், சைக்கிளை மிதிக்கிறான். மறுபடி கதவு. ஒருத்தர் தாராளமாகத் தருகிறார், ஒருத்தர் ஆர்டர் தப்பு என்று கத்துகிறார், ஒருத்தர் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. அரை மணி நேரத்தில் எங்கள் மாடியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வாய்விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். "மூணு குட்தான்." "இவன் ஒண்ணுதான் குட்தான், கஞ்சப்பய."

அந்தக் கடன் கற்பனை இல்லை. சீனாவின் ஃபுஜியான் மாகாணத்திலிருந்து ஆட்களைக் கடத்திக் கொண்டுவந்து அமெரிக்காவில் விடும் தொழில் ஒரு காலத்தில் பெரிதாக நடந்தது. 1993 ஜூன் 6-ஆம் தேதி 'கோல்டன் வென்ச்சர்' என்ற கப்பல் 286 பேருடன் நியூயார்க் கரையோரம் தரைதட்டியது. கடலில் குதித்துக் கரை சேரப் பார்த்தவர்களில் 10 பேர் இறந்தார்கள். தலைக்கு 30,000 டாலர் அளவுக்குக் கட்டணம் பேசித்தான் அந்தப் பயணம். கொஞ்சம் முன்பணம், மீதியை அங்கே போய்ப் பாத்திரம் கழுவிக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வசூலிக்க ஆள் வரும், ஊரில் இருக்கும் குடும்பத்தையும் தேடி வரும்.

இப்போது இட்லி அக்காவையும் அந்தச் சைக்கிள்காரனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. அக்கா ஸ்டேஷனுக்குப் போகமாட்டார், அது வேறு விஷயம்; நாளைக்கும் அதே ஆளிடம்தான் கடன் வாங்கியாக வேண்டும். ஆனாலும் அப்படி ஒரு கதவு இருக்கிறது, ரொம்ப நெருக்கினால் தட்டலாம். சைக்கிள்காரனுக்குக் கதவே வரையப்படவில்லை. பேங்க் கடன் கிடையாது, அடகுக் கடைக்காரர்கூட அடையாள அட்டை கேட்பார். கையில் குத்துப்பட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். முதலாளி சம்பளத்தைப் பிடித்தால் கேட்க நாதியில்லை. 38 ரூபாய் குறையும்போது அக்கா பக்கத்து வீட்டில் கேட்கலாம். அவன் யாரிடம் போவான்?

ஆவணமற்றவரைப் பற்றிய திரில்லர்கள் பெரும்பாலும் இரண்டு வழியில் போகும். நான் எனக்காக வைத்திருக்கும் பேர்கள்: சில்லறைக் கதை, பெரிய நோட்டுக் கதை. சில்லறைக் கதைதான் மேலே சொன்னது. பெரிய நோட்டுக் கதையில், பணமில்லாமல் திண்டாடும் ஆளிடம் யாரோ வந்து ஒரே ராத்திரி வேலை, கை நிறையப் பணம் என்பார்கள். என்ன வேலை என்று மட்டும் சொல்லமாட்டார்கள். 2017-இல் வந்த 'மோஸ்ட் பியூட்டிஃபுல் ஐலண்ட்' அந்த ரகம். ஆனா அசென்சியோ என்ற ஸ்பானிஷ் நடிகை தானே எழுதி, இயக்கி, நடித்தார். அமெரிக்காவின் ஆஸ்டினில் நடக்கும் எஸ்எக்ஸ்எஸ்டபிள்யூ விழாவில் கதைப்பட நடுவர்களின் முதல் பரிசு கிடைத்தது. பாதிப் படம் வரைக்கும் ஒரு பெண் வேலை, வாடகை, டாக்டர் என்று அலைகிறாள், அவ்வளவுதான். பிறகு ஒரு கறுப்பு உடை, ஒரு விலாசம், படிக்கட்டு கீழே இறங்குகிறது. அதற்குமேல் சொன்னால் பார்க்கப்போகிறவர்கள் என்னை அடிப்பார்கள். என் கட்சி சில்லறைக் கதைதான். பெரிய நோட்டுக் கதையில் கடைசியில் ஒரு பூதத்தைக் காட்டியே ஆக வேண்டும், காட்டியதும் பயம் பாதி இறங்கிவிடும்.

அடுத்தது, இந்த மாதிரிப் படங்களுக்குச் சொல்லும் 'சுயாதீனப் படம்' என்ற பேர். குறைந்த செலவில் எடுத்தால் சுயாதீனம் என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊரில் எத்தனையோ படங்கள் குறைந்த செலவில் வருகின்றன, ஆனால் பைனான்சியர் சொன்ன இடத்தில் குத்துப்பாட்டு இருக்கும். பணம் கொடுத்தவருக்குக் கதையில் கைவைக்க உரிமை இல்லாவிட்டால்தான் சுயாதீனம். அதற்கு லேசான வழி, யாரிடமும் பெரிதாக வாங்காமல் இருப்பது. 'டேக் அவுட்' எடுத்தது சுமார் 3,000 டாலரில். அன்றைய மதிப்பில் ஒன்றரை லட்சம் ரூபாய்கூட வராது. ஃபிலிம் இல்லை, டிஜிட்டல் வீடியோ. செட் இல்லை, வியாபாரம் நடந்துகொண்டிருந்த நிஜக் கடையிலேயே வாடிக்கையாளர் வந்துபோகும் இடைவெளியில் எடுத்தார்கள். கல்லாவில் நின்று எல்லாரையும் விரட்டும் அந்த அம்மா நிஜத்திலும் அதே கடையில் வேலை பார்த்தவர். எண்ணெய்ச் சட்டியின் இரைச்சலில் வசனம் பாதி அமுங்கிவிடுகிறது, மாடியில் இருந்த யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. மீன் மார்க்கெட் பக்கத்தில் வளர்ந்தவனுக்குச் சத்தத்துக்கு நடுவே பேசுவதுதான் பேச்சு. ஷான் பேக்கர் 2025-இல் 'அனோரா'வுக்காக ஒரே ராத்திரியில் நாலு ஆஸ்கர் வாங்கினார். அதிலும் பணம் இருக்கிறவன், இல்லாதவள் கதைதான். ஆள் பாதையை மாற்றவில்லை.

சிக்கனம் இந்தக் கதைக்கு இன்னொரு விதத்திலும் பொருந்துகிறது. கிரேன் வைக்கக் காசில்லாத கேமரா ஆளின் தோளுக்குப் பின்னாலேயே போகிறது. வானத்திலிருந்து ஊரைக் காட்டுவதில்லை. அந்த ஆளுக்குத் தெரிந்தது மட்டும்தான் நமக்கும் தெரியும்: அடுத்த கதவுக்குப் பின்னால் யார் என்று அவனுக்கும் தெரியாது.

எங்கள் பகுதிப் பையன்கள் சிலர் குறும்படம் எழுதுகிறேன் என்று வருவார்கள். வடசென்னை என்றதும் முதல் காட்சியிலேயே பட்டாக்கத்தி. ஏண்டா, நம் தெருவில் கத்தியை எத்தனை தடவை பார்த்திருக்கிறாய், தண்டல்காரரை எத்தனை தடவை பார்த்திருக்கிறாய் என்று கேட்பேன். வெளியிலிருந்து வருகிறவர்கள் எங்களைக் கத்தியும் கஞ்சாவுமாகக் காட்டியது போதாதென்று எங்கள் பிள்ளைகளும் அதையே எழுதுவதில் எனக்கு வருத்தம் உண்டு. இன்னொரு பள்ளம், அழுகை. காகிதம் இல்லாதவன் என்றால் எப்போதும் கந்தலில், கண்ணீரோடு, வயலின் சத்தத்தோடு வருவான். மாமாவிடம் கேட்டால் தெரியும்.

அந்த மூன்றரை வருஷமும் மாமா இஸ்திரி போட்ட சட்டை இல்லாமல் வெளியே இறங்கியதில்லையாம். "அழுக்குச் சட்டைக்காரனத்தாம்பா நிறுத்துவான். நான் மேனேஜர் கணக்கா போவேன்." ஷூவுக்குப் பாலிஷ் போடுவார், கக்கத்தில் ஒரு ஃபைல் வைத்துக்கொள்வார். ஃபைலுக்குள் பழைய செய்தித்தாள். போலீஸ் வண்டியைப் பார்த்தால் திரும்பி நடக்கக் கூடாது, அதுதான் மாட்டிவிடும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நேராக நடக்க வேண்டும். ஊருக்குப் பணம் அனுப்ப அடையாள அட்டை வேண்டும் என்பதால் அறையில் கூட இருந்தவரின் பேரில் அனுப்புவார், அவர் தடவைக்குப் பத்து திர்ஹம் எடுத்துக்கொள்வார். ஒரு தடவை மொத்தப் பணத்தோடும் அந்த ஆள் அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். "யாராண்ட சொல்றது? சொன்னா ரெண்டு பேரும்தான் மாட்டுவோம்." கத்தி இல்லை, கண்ணீர் இல்லை. இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு முழுப் படம் இருக்கிறது, அதை எழுதுங்கள் என்கிறேன்.

பொது மன்னிப்பு அறிவித்தபோதுதான் மாமா வெளியே வந்தார். ஆவணமில்லாமல் தங்கியவர்கள் அபராதம் கட்டாமல் ஊர் திரும்பலாம் என்று வளைகுடா நாடுகள் அவ்வப்போது கெடு வைத்துச் சொல்வார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2024 செப்டம்பரில் தொடங்கி அந்த வருஷ முடிவு வரை அப்படி ஒரு வாய்ப்பு இருந்தது. பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு நம் தூதரகம் ஊர் திரும்ப மட்டும் செல்லுபடியாகும் ஒரு சான்றிதழ் தரும். நம் ஆட்கள் அதை அவுட்பாஸ் என்பார்கள்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் இந்தப் படங்களைப் பார்க்கும்போது பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு வைத்துக்கொள்ளலாம். முதல் பத்து நிமிஷத்தில் ஒரு தொகை சொல்வார்கள், ஒரு நேரம் சொல்வார்கள். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு காட்சியிலும் அந்தத் தொகை ஏறியதா இறங்கியதா என்று பாருங்கள். ரெண்டுமே இல்லாத காட்சி வந்தால், ஒன்று இயக்குநர் தூங்கிவிட்டார், இல்லை உங்களுக்கு ஏதோ வைத்திருக்கிறார்.

அன்றைக்குப் படம் முடிய மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. மெக்கானிக் பையனுக்கு முடிவு பிடித்துப்போய், போனை எடுத்து டைரக்டர் பேரைத் தேட ஆரம்பித்தான். வேட்டியை அவிழ்க்கப் போனேன். மாமா எழுந்திருக்கவில்லை, சூப்பு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மாமா?"

"இல்லப்பா, இது இந்தத் தவணை. அடுத்த தவணைக்கு இன்னா பண்ணுவான்?"